ஒழுக்கும் ஒழுக்கமும்

1

லாரி இன்ஜினின் முன்புறம், விசிறிக்குப் பின்னால், வாட்டர் பம்ப் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. இன்ஜினுக்குள் நீரைச் சுற்றி ஓடவைப்பது அதன் வேலை. அதன் உடம்பில், கீழ்ப்பக்கமாக, ஒரு சிறு துளை. சுண்டுவிரல் நுழையாது. பம்ப் செய்யும் வேலையில் இந்தத் துளைக்கு எந்தப் பங்கும் கிடையாது. பம்ப் நன்றாக இருக்கும்வரை அது வறண்டு கிடக்கும். கெடத் தொடங்கும்போது அதன் வழியே நீர் சொட்டும். கெடுவதைச் சொல்வதற்கென்றே, கெடுவதற்கு வெகுகாலம் முன்பே, செய்தவன் வைத்த துளை அது. ஆங்கிலத்தில் அதற்கு வீப் ஹோல் என்று பெயர். அழும் துளை. மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர்களிலும் இதே பெயரில் துளைகள் விடுவதுண்டு. சுவருக்குப் பின்னால் சேரும் மழைநீருக்கு வழி இல்லையென்றால் அது சுவரையே தள்ளிவிடும்.

தமிழில் ஒழுகுதல் என்ற ஒரே வினை இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. கூரை ஒழுகுகிறது என்கிறோம். நெறிப்படி ஒழுகினான் என்கிறோம். ஒழுக்கு என்றால் கசிவு. ஒழுக்கம் என்றால் நடத்தை. வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கிய சொல், ஓட்டைக் கூரைக்கும் உறவுக்காரன். சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு தத்துவம் கட்டுவது நம்மிடையே மலிந்துபோன பழக்கம். அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு சந்தேகத்தைக் கிளப்ப இந்த உறவு போதும். ஒழுக்கம் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் மூடிய ஒன்றின் சித்திரம். சிந்தாதது, சிதறாதது, உள்ளே இருப்பதை வெளியே காட்டாதது. ஓட்டையில்லாத பாத்திரம் போன்ற மனிதன். பம்பைச் செய்தவன் வேறு விதமாக யோசித்திருக்கிறான். இது ஒருநாள் தோற்கும், தோற்கும்போது அது வெளியே தெரியவேண்டும், தெரிவதற்கான இடத்தை நானே விட்டுவைக்கிறேன் என்று தீர்மானித்திருக்கிறான்.

கசிவை எப்படி நிறுத்துவது என்பது மெக்கானிக்கின் கேள்வி. அதற்குப் பதில் உண்டு, பம்பை மாற்றவேண்டும். எனக்கு இருப்பது வேறு கேள்வி. ஒரு பொருள் தன் தோல்வியை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதைக் கேட்டவன் எதற்குக் கடமைப்பட்டவனாகிறான்? அவன் மட்டும்தான் கடமைப்பட்டவனா?

2

துளையின் தர்க்கம் புரிவதற்குப் பம்பின் உள்ளே கொஞ்சம் பார்க்கவேண்டும். டீசல் எரிந்து வரும் சக்தியில் சக்கரத்துக்குப் போவது பாதிக்கும் குறைவு. மீதி உஷ்ணம். ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பெரும் பகுதியை நீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஃபோர்டின் மாடல் டி கார்கள் பெரும்பாலானவற்றில் இதற்குப் பம்பே கிடையாது. சுட்ட நீர் மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பி ஓடின. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரைச் சுமக்கும் லாரிக்கு அந்த நிதானம் கட்டுபடியாகாது. நீரைத் தள்ளியாகவேண்டும்.

பம்பின் நடுவில் ஒரு ஷாஃப்ட். அதன் ஒரு முனையில் பெல்ட் சுழற்றும் புல்லி, மறுமுனையில் நீருக்குள் சுழலும் இம்பெல்லர். பழைய லாரிகள் பலவற்றில் விசிறியும் இதே ஷாஃப்டில்தான். நடுவில் பேரிங். ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் கிரீஸ் போட்ட பேரிங். நீர் பேரிங்கைத் தொடக்கூடாது. சுழலும் ஒன்று ஈரத்திலிருந்து உலர்ந்த இடத்துக்கு வரவேண்டும், ஈரம் அதோடு வரக்கூடாது. இதற்காக ஒரு சீல் வைக்கிறார்கள். கார்பன் வளையம் ஒன்றை ஸ்பிரிங் அழுத்தி, பீங்கான் போன்ற இன்னொரு வளையத்தின்மேல் உராய வைக்கிறது. இரண்டு முகங்களும் கண்ணாடி வழவழப்பு. அவற்றுக்கு இடையே மயிரிழையைவிட மெல்லிய நீர்ப்படலம் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் வளையங்கள் தேய்ந்து எரிந்துபோகும். ஆகவே கறாராகப் பார்த்தால், முழுக்க அடைபட்ட சீல் என்று ஒன்று கிடையாது. நல்ல பம்பிலும் துளிக்கும் குறைவான ஈரம் ஆவியாக வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். துளையைச் சுற்றி லேசாகக் கறை படிந்திருப்பது நோயில்லை. சொட்டினால் நோய்.

சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியிலிருந்துதான் அந்தத் துளை வெளியே திறக்கிறது. சீல் தோற்றால் நீர் பேரிங்கை அடைவதற்குமுன் கீழே விழுந்துவிடும். பேரிங்குக்குப் பாதுகாப்பு, உடையவனுக்குச் செய்தி. இரண்டு காரியத்தையும் ஒரே வெற்றிடம் செய்கிறது.

பெருங்குடியில் என் தெருவில் ஒருவர் சொந்தமாக ஒரு தண்ணீர் லாரி வைத்து, தானே ஓட்டுகிறார். சென்ற வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே லாரியை நிறுத்தி வாட்டர் பம்பை மாற்றினார். ஷெட்டில் விட்டால் இரண்டு நாள் போய்விடும். அவருடைய மனைவியின் தம்பி ஒரு ஷெட்டில் வேலை பார்ப்பவர். அன்று அவருக்கு விடுமுறை. முதல்நாளே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடிலிருந்து புதுப் பம்ப் வந்துவிட்டது. இரவெல்லாம் ஆறிய இன்ஜினிலிருந்து நீரை வாளியில் வடித்தார்கள். செங்கல் நிறத்தில் வந்தது. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே துருவும் உப்பும் சேர்ந்திருந்தன. பெல்ட், விசிறி, ஹோஸ், பிறகு போல்டுகள். நீளமும் குட்டையுமான போல்டுகளை, அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே, செய்தித்தாளில் பரப்பினார் இளையவர். ஒரு போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு அரைமணி காத்திருந்தார்கள். அவசரப்பட்டு முறுக்கினால் தலை ஒடிந்துவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்கவேண்டும். பழைய பேக்கிங் காகிதம் முழுவதையும் பிளேடால் சுரண்டினார்கள். புதுப் பம்பை வைத்து, எதிரெதிர் போல்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் முகம் கோணி, அங்கேயே கசியும்.

எல்லாம் முடிந்தபிறகு இளையவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, புதுப் பம்பின் துளைக்குள் விட்டு எடுத்தார். பேக்கிங்குக்குத் தடவிய பேஸ்ட் பிதுங்கி அதை அடைத்திருக்கக்கூடாது. "மாமா, இதை மட்டும் மறுபடி மூடிடாதீங்க" என்றார். பெரியவர் சிரித்தார். "மூடுவேனா மச்சான். ஒருதரம் மூடினதுக்கே பட்டது போதும்."

3

அவர் மூடியது 2019 கோடையில். அந்த வருஷம் ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டுவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வந்தது. பெருங்குடி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பேரூராட்சி. பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்குமாடிகள் குழாயைவிட லாரியை நம்பியே வளர்ந்தவை. அந்தக் கோடையில் லாரி என்பது வாகனமாக இல்லை, குழாயாக இருந்தது. குழாயை யாரும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிறுத்திக் கழற்றுவதில்லை.

சொட்டு விழ ஆரம்பித்ததை அவர் பார்த்தார். பம்ப் போகிறது என்று தெரிந்தது. எம்-சீல் வாங்கிப் பிசைந்து துளையை அடைத்தார். சொட்டு நின்றது. "அன்னிக்கு எப்படி சார் நிறுத்தறது? காலையில நாலு மணிக்கே ஃபோன் வரும்" என்றார் என்னிடம். நீர் வெளியே வருவது நின்றதே தவிர, சீலைத் தாண்டி வருவது நிற்கவில்லை. போக வழியில்லாமல் பேரிங்குக்குப் போனது. கிரீஸைக் கழுவியது. சில நாளில் பேரிங் ஊளையிட்டது. அதையும் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் முழு லோடோடு போகும்போது ஷாஃப்ட் ஆடி, விசிறி ரேடியேட்டரைக் கிழித்தது. பெல்ட் அறுந்தது. பம்பின் விலையோடு போயிருக்கவேண்டியது ரேடியேட்டர், ஹெட் என்று வளர்ந்தது. அடுத்திருந்த ஸ்கூட்டர்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தன் அதிர்ஷ்டம் என்றே அவர் இன்றும் சொல்கிறார்.

இதைப் பொய் என்று சொல்லலாமா? பொய் என்றால் கேட்பவன் ஒருவன் வேண்டும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை, நடப்பது என்னவென்று ஒவ்வொரு மணியும் அவருக்குத் தெரியும். நமது நீதிநூல்கள் பேசும் வாய்மைக்குள் இந்தக் காரியம் அடங்கவில்லை. சொல்லப்பட்டது உண்மையா என்று பார்ப்பது வாய்மை. இங்கே நடந்தது, உண்மை சொல்லப்படும் இடத்தையே இல்லாமல் ஆக்கியது. பொய் சொல்பவன் உண்மைக்கு எதிரில் வேறொன்றை நிறுத்துகிறான். பிறகாவது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கமுடியும். துளையை மூடியபிறகு ஒப்பிட எதுவும் இல்லை. வெளியே உலர்ந்த பம்ப் மட்டும் இருக்கிறது.

ஆனால் துளையை மூடுவது லாரிக்காரர் மட்டும் செய்யும் காரியமல்ல. பெருங்குடியிலிருந்து எழுதுகிறவனுக்கு இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் இங்கிருந்து கூப்பிடு தூரம். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் மிகைநீர் அங்கே வந்து, தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்துக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகவேண்டும். ஊர் மழையைத் தாங்குகிறதா என்று காட்டும் இடம் அது. அதன் ஒரு பகுதியில் ஊர்க் குப்பையைப் பல பத்தாண்டுகளாகக் கொட்டினோம். மற்ற பகுதிகளில் சாலை, கட்டிடம். 2007இல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் நின்ற நீர், போகவேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாமல் பேரிங்குக்கு வந்த நீர்தான். துளையை அடைத்த லாரிக்காரருக்கு அன்றைக்குச் சோறு என்ற காரணமாவது இருந்தது.

4

கருவி ஒழுங்காக இயங்கும்வரை கண்ணில் படுவதில்லை. உடைந்தால்தான் பொருளாக எதிரில் வந்து நிற்கிறது என்று ஹைடெக்கர் 1927இல் எழுதினார். சுத்தியல் அவருடைய உதாரணம். அதைப் படித்தவர்கள் நம்மிடையே பலர். ஆனால் சுத்தியல் ஊமை. கைப்பிடி கழன்று விழும்வரை அது எதுவும் சொல்லாது. ஆகவே அங்கே இரண்டு நிலைகள் போதும் என்று தோன்றிவிடுகிறது, இயங்குவது ஒன்று, உடைந்தது ஒன்று. வாட்டர் பம்பில் மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது. இன்னும் இயங்குகிறது, ஆனால் சொல்லிவிட்டது. முதல் சொட்டிலிருந்து பேரிங் இறுகும்வரை உள்ள காலம். அது சில வாரமாக இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம். முதல் நிலையில் செய்ய எதுவும் இல்லை. கடைசி நிலையில் செய்யமுடிந்தது எதுவும் மிச்சமில்லை. தேர்வு என்று ஒன்று இருக்குமானால் அது இந்த நடுக்காலத்தில்தான். மனிதர்களின் உடம்பிலும் உறவிலும் அநேகமாக இதே கதைதான் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த நடுக்காலத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்குக் கறாரான பதில் ஒன்று உண்டு. சொட்டு விழுந்த அன்றே நிறுத்து, மாற்று. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லாரி இல்லாதவர்கள். இதற்கு எதிர்க்கோடியில் ஒரு புகழ்பெற்ற பதிலும் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் ஸோன்-ரெதல் என்ற ஜெர்மானியர் 1926இல் நேப்பிள்ஸ் நகரத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். உடைந்ததன் இலட்சியம் என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். நேப்பிள்ஸ்காரனுக்கு இயந்திரம் உடைந்தபிறகுதான் வேலைசெய்யத் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. தானாகவே பிசகில்லாமல் ஓடும் பொருள் அவனுக்குப் பேய்பிடித்த மாதிரி. தெருவில் கிடக்கும் மரத்துண்டைச் செருகி ஓட்டும்போதுதான் அது அவனுடையதாகிறது. நொறுங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து பிழைத்த இன்ஜின் ஒன்று பால்கடையில் கிரீம் கடைகிறது. படிக்கும்போது நமக்கும் சிரிப்பு வரும், ஏனென்றால் அது புதுப்பேட்டை. சைக்கிள் டியூபைக் கிழித்து ஹோஸைக் கட்டுகிறவன், ஊக்கை வளைத்து ஸ்பிரிங் செய்கிறவன் எல்லாம் அங்கே உண்டு. இந்தச் சாமர்த்தியத்தைக் கொண்டாடுவது இப்போது ஒரு மோஸ்தராகவும் ஆகிவிட்டது; மேனேஜ்மெண்ட் புத்தகங்கள்கூட எழுதுகின்றன.

எனக்கு இரண்டு பதிலும் போதவில்லை. ஒட்டுவேலை எல்லாம் ஒரே ஜாதி என்று வைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. சொட்டும் பம்போடு ஓட்டுகிற இன்னொரு டிரைவரை நினைத்துப் பாருங்கள். கேபினில் இரண்டு கேன் தண்ணீர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு லோடு இறக்கும்போதும் பானெட்டைத் திறந்து பார்க்கிறார். இன்ஜின் ஆறியபிறகு மூடியைத் திறந்து குறைந்த அளவுக்கு ஊற்றுகிறார். நேற்று அரை கேன் போனது, இன்று முக்கால் போகிறது என்று அவருக்குக் கணக்கு இருக்கிறது. கணக்கு ஏறிக்கொண்டே போனால் எந்த நாளில் நிறுத்தியாகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இவரும் பழுதை ஒத்திப்போடுகிறவர்தான். எம்-சீல் வைத்தவரும் ஒத்திப்போட்டவர்தான். இரண்டு ஒத்திப்போடுதலும் ஒன்றில்லை. முன்னவர் பொருளோடு பேச்சை நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே, பதிலைத் தவணையில் கொடுக்கிறார். பின்னவர் கேட்பதை நிறுத்துவதற்காகவே ஒரு காரியம் செய்தார்.

ஆகவே அளவுகோலை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு தற்காலிக ஏற்பாடு, பழுதின் குரலை மிச்சம் வைக்கிறதா, அல்லது அதை விழுங்கிவிடுகிறதா? மிச்சம் வைக்குமானால் அது ஏழையின் விவேகம். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. விழுங்கிவிட்டால், அதைச் செய்தவன் ஏழையாக இருந்தாலும் அது கேடு. ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவர்களில் பக்கத்தில் போன ஸ்கூட்டர்காரனும் இருந்திருக்கலாம்.

5

இங்கே ஒரு சௌகரியமான முடிவு வாசலில் காத்து நிற்கிறது. தன் பொருளைத் தானே பழுதுபார்ப்பவன் தன் பொருளைக் கேட்கப் பழகுகிறான். ஆகவே எல்லோரும் ஸ்பானரைக் கையில் எடுக்கவேண்டும் என்ற முடிவு. ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிளை வைத்து எழுதிய நாவல் இந்தத் திசையில் நிறையப் பேரைத் திருப்பியது. நம்மிடம் இதற்குக் காந்திய வாசனை உள்ள வடிவமும் உண்டு. 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் காந்தியிடம் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினை அவர் விலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த அன்பில் பிறந்த கருவி என்பது அவர் சொன்ன காரணம். அப்படியானால் அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று மாணவர் விடவில்லை. காந்தி அதையும் ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலை தேசத்துக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்றார். மனிதன்மேல் உள்ள அக்கறைதான் அவருக்கு உரைகல்.

ஆனால் வாசலில் லாரியைக் கழற்றிய இருவருக்கும் இந்த ஆத்ம சாதனை எதுவும் நோக்கமில்லை. ஷெட் கூலி மிச்சம், இரண்டு நாளில் ஒரு நாள் மிச்சம். அவ்வளவுதான். அதை நான் உன்னதமாக்கினால் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கையால் வேலை செய்வது ஞானம் என்று நம் எழுத்தாளர்கள் உருகும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த நாட்டில் கை வேலை விரும்பி எடுத்த விரதம் இல்லை. பிறப்பால் வந்து ஒட்டியது. ஜாதி என்பது வேலைகளைப் பிரித்தது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936இல் சொல்லிவிட்டார். தலைக்கும் கைக்கும் இடையே உள்ள பிளவைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்த அதே ஸோன்-ரெதல், தன் பெரிய புத்தகத்தை 1970இல் வெளியிட்டார். பிளவு நாணயத்தோடு, சரக்குப் பரிவர்த்தனையோடு வந்தது என்பது அவர் வாதம். நம் பிளவுக்கு நாணயத்தின் துணைகூடத் தேவைப்படவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை செய்கிறோம். அன்று லாரிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஸ்பானர்கள் கழுவித் துடைத்துப் படத்துக்கு முன் வரிசையாக இருக்கும். கருவியை வணங்கத் தெரிந்த சமூகம், கருவி பேசும்போது கேட்கத் தெரிந்தவனை அந்த வரிசையில் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அந்த இளைஞர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திப் பேரிங்கைக் கேட்கிறார். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்குக் கேட்டது ஓர் இரைச்சல். அவருக்குக் கேட்டதை, "புதுசு, பேசாம ஓடுது" என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். இந்தக் கல்விக்குப் பெயர் இல்லை, சான்றிதழ் இல்லை. எழுத்தில் ஏறாததனாலேயே அது கல்வி இல்லை என்று ஆகிவிட்டது.

ஸ்பானர் யார் கையில் இருக்கிறது என்பதில் ஒழுக்கம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை யார் கொடுத்தது என்பதில் இருக்கிறது. 2019இல் அந்த மனிதருக்குக் காது இருந்தது, அறிவு இருந்தது, மச்சானும் இருந்தார். இல்லாதது ஒரு நாள். அந்த ஒரு நாளைத் தராதவர்கள் யார் யார்? மாதத் தவணைக்காரர். நாலு மணிக்கு ஃபோன் செய்த அடுக்குமாடிச் சங்கம். நிலத்தடி நீருக்காக 1987இலேயே சட்டம் செய்துவிட்டு, ஒரு முழு நகரத்தைக் கிணறும் லாரியுமாக ஓடவிட்ட நிர்வாகங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை இயற்கை விதியாக எடுத்துக்கொண்ட நாம். துளையை மூடியது ஒரு கைதான். ஆனால் எம்-சீலைப் பிசைந்த விரல்கள் நிறைய. இப்படிச் சொல்வதால் அவர் பங்கு கரைந்துபோகாது, அவரும் கரைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரை மட்டும் கூண்டில் ஏற்றும் நீதி, சொட்டைப் பார்த்துவிட்டுச் சீலைப் பார்க்காத நீதி.

6

இப்போது இந்தப் பிரச்னைக்கு ஒரு புதிய முகம் வந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்குப் பிறகு வந்த லாரிகளில் எலெக்ட்ரானிக்ஸ் ஆட்சி கூடிவிட்டது. உஷ்ணம், அழுத்தம், புகை எல்லாவற்றுக்கும் சென்சார். ஏதாவது பிசகினால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். விளக்கு சொல்வது என்ன என்று அறிய ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனருக்குக் கம்பெனியின் அனுமதி பெற்ற ஷெட் வேண்டும். பழுது இப்போது முன்னைவிட நன்றாகவே பேசுகிறது. ஆனால் உடையவனோடு பேசுவதில்லை. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாமான்களோடு மோட்டார் வாகனங்களும் அதன் கணக்கில் இருந்தன. இதை வாங்குபவன் பணத்தை மிச்சப்படுத்தும் விஷயமாக மட்டும் பேசுவது போதாது. பழுதின் செய்தி யாருக்கு முகவரியிடப்படுகிறது என்பது அதிகாரம் பற்றிய கேள்வி. அழும் துளையின் மேன்மை அதன் எளிமையில் இருக்கிறது. குனிந்து பார்ப்பவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு அது சொல்லும். படிப்பு கேட்காது, கட்டணம் கேட்காது. குனியவேண்டும், அவ்வளவுதான். புதிய லாரிகளின் வாட்டர் பம்பிலும் அந்தத் துளை இன்னும் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

எழுதுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் இதை எழுதுவதால், நம் வீட்டையும் ஒருமுறை எட்டிப்பார்த்துவிடலாம். ஒரு மொழியின் எழுத்தில் எங்கே சீல் தேய்ந்திருக்கிறது என்று காட்டும் துளையாகத்தான் விமர்சனம் பிறந்தது. அதன் ஒழுக்கைப் பார்த்து அசிங்கம் என்று முகம் சுளித்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அதனால் துளைக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது, நண்பர் புத்தகத்துக்கு நண்பர் எழுதும் முன்னுரைகளால், கூட்டம் போட்டுப் பாராட்டும் மதிப்புரைகளால். நல்ல எம்-சீல், சீக்கிரம் இறுகும், வெளியே உலர்ந்து தெரியும். உள்ளே நீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யாராவது கேட்டால், அவனுக்குப் பொறாமை என்று பெயர்.

ஆகவே ஒழுகாதவன் ஒழுக்கமுள்ளவன் என்ற எண்ணத்தைக் கைவிடவேண்டியிருக்கிறது. தேயாத சீல் கிடையாது, ஒழுகாத கூரை கிடையாது. ஒரு பொருளிடமும் ஒரு மனிதனிடமும் ஓர் ஊரிடமும் நாம் எதிர்பார்க்கக்கூடியது, தோற்கும்போது அது தெரியும்படியாகத் தோற்கவேண்டும் என்பதைத்தான். அதற்கு மேல் எதிர்பார்ப்பது, துளையை மூடச்சொல்வதில்தான் முடியும். ஆனால் தெரியும்படித் தோற்கவேண்டும் என்று ஒருவனிடம் கேட்பவன், தோல்வி தெரிந்த அன்று அவனுக்கு ஒரு நாள் தருவதற்கும் கடமைப்பட்டவன். லோடு வராத ஒரு நாளை வாளியில் பிடித்துவைத்த தண்ணீரோடு சமாளிப்பது, தவணையை ஒரு வாரம் தள்ளிக்கொள்ளச் சொல்வது, இப்படி அற்பமான காரியங்கள்தான். உண்மையைச் சொன்னால் பட்டினி என்று வைத்துவிட்டு உண்மையைக் கேட்பவனுக்கு, கடைசியில் வெளியே உலர்ந்த பம்ப் கிடைக்கும். துளை அடைபட்ட பம்பும் புதுப் பம்பும் கொஞ்ச நாளைக்குப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.